பன்னிரண்டுக்குப் பதிமூன்று

அளவு விஷயத்தில் என்னைக் குறை சொன்ன ஆள் விருத்தாசலத்தில் கிடையாது. சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருக்கவும் மாட்டேன். செராமிக் ஃபாக்டரியில் மாடல் செய்கிற வேலை எனக்கு. டீக் கப்போ, பொம்மையோ, மின்கம்பத்துப் பீங்கானோ, எதுவானாலும் முதல் உருவத்தைப் பிளாஸ்டரில் நான் கடைந்து கொடுக்க வேண்டும். அதை வைத்து அச்சு, அச்சை வைத்து ஆயிரக்கணக்கில் சரக்கு. புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், கப்பின் கைப்பிடி பெரிதாக இருக்கிறது என்று என்னிடமே சொல்லிவிட்டார். சூளையில் வெந்து வரட்டும், அப்புறம் பேசுங்கள் என்றேன். அது வெந்து வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெந்த கப்பை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் கைப்பிடியைப் பற்றிப் பேசவே இல்லை.

விஷயம் இதுதான். மண் வேகும்போது சுருங்கும். எங்கள் கலவை பதிமூன்று பங்கு போட்டால் பன்னிரண்டு பங்காக வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் யார் உட்கார்ந்து கணக்குப் போடுவது? நானே ஒரு பித்தளைப் பட்டையில் ஸ்கேல் கீறி வைத்துக்கொண்டேன். அதில் பன்னிரண்டு அங்குலம் என்று போட்டிருந்தால் நிஜத்தில் பதிமூன்று இருக்கும். கோடுகளை நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழமாகக் கீறியிருந்தேன். பதினெட்டு வருஷமாக அது என்னோடுதான் இருந்தது. வேலைக்குப் போனால் பையில், வீட்டுக்கு வந்தால் மாடத்தில். என் பெண்டாட்டி ராஜாம்பாளை விட அந்தப் பட்டையை நான் அதிக நேரம் கையில் வைத்திருந்திருப்பேன் என்று அவளே சொல்லுவாள்.

அந்தப் பட்டையால்தான் அமீனுதீன் பாய்க்கு அவ்வளவு கஷ்டமும் வந்தது.

கடைவீதிக்குப் பின்சந்தில் பாய் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருந்தார். லைசென்சு வாங்கிய கடை. நல்லூரிலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும், பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அவரிடம்தான் வருவார்கள். என்னை விட ஒரு வயது சின்னவர். தினமும் சாயங்காலம் வேலை விட்டு வரும்போது அவர் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். இரண்டு பேருக்கும் தலைமுடி கனம் என்றால் என்னவென்று தெரியும். அது தெரியாதவர்களைக் கேலி பேசுவதிலேயே எங்கள் டீ ஆறிப்போகும்.

ஆனால் இரண்டு வருஷமாகப் பாய்க்குக் கிட்டத்துப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அவர் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன். ஸ்கேலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவார், தள்ளிப் பிடிப்பார், கடைசியில் கீழே வைத்துவிட்டுக் காலிப்பரை எடுத்து, பொருளின் இரு முனையையும் அதன் கால்களால் தொட்டு அளவு எடுத்துக்கொள்வார். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்களேன் என்று ஒரு தடவை சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவருடைய அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, ஐம்பது வயதில் பார்வை அடியோடு போய்விட்டது. பாய்க்கு அப்போது நாற்பத்தொன்பது. டாக்டரிடம் போனால் அதையே சொல்லிவிடுவார் என்ற பயத்தில் அவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில், பெண்ணாடத்துப் பக்கத்துக் கரும்புக்காரர் கொளஞ்சியப்பன் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரன் துப்பாக்கி ஒன்றைப் பார்த்து, வடக்கே முங்கேரில் அச்சு அசலாகச் செய்த ஒற்றைக்குழல் நகல். பித்தளைத் தோட்டாவில் கருமருந்தும் ஈய ரவையும் போட்டு அடைத்துச் சுட வேண்டியது. பழைய தோட்டாக்கள் சுட்டுச் சுட்டு வாய் பிளந்துவிட்டன. புதிதாக வாங்கப் போன இடத்தில் இரண்டரை அங்குலத் தோட்டா இல்லை, இரண்டே முக்கால்தான் இருந்தது. இருபத்தைந்து வாங்கிவந்துவிட்டார். உள்ளே போட்டால் கால் அங்குலம் வெளியே நின்றது. குழலைப் பூட்ட முடியவில்லை.

தோட்டாவின் வாயில் கால் அங்குலத்தை வெட்டிவிட்டால் முடிந்தது, அரைநாள் வேலை என்று பாய் சொன்னார். கொளஞ்சியப்பனுக்குச் சம்மதமில்லை.

"நீளமா இருக்குறத யாராச்சும் வெட்டுவாங்களா பாய்? குட்டையா இருக்குறதத்தான் நீட்டணும்" என்றார்.

அவர் கரும்பில் பன்றி இறங்கி ஒரு ஏக்கரை உழுதுவிட்டுப் போயிருந்தது. நீளத் தோட்டா என்றால் பன்றிக்கு நன்றாக உறைக்கும் என்று அவர் மனசில் விழுந்துவிட்டது. நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நீட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மாடல் நான் செய்து தருகிறேன் என்று நானாகப் போய் விழுந்தேன்.

தோட்டா உட்காரும் அறை குழலின் பின்பக்கம் இருக்கும். தோட்டா முடிகிற இடத்துக்கு அப்பால் அது சரிவாக ஒடுங்கிக் குழலோடு சேரும். அந்த இடத்தை ரீமர் என்கிற கடைசல் கருவியை விட்டுக் கடைந்து முன்னுக்குத் தள்ள வேண்டும். எண்ணெய் தடவி, பிளாஸ்டர் ஊற்றி, அறையின் உருவத்தை அப்படியே வெளியே எடுத்தேன். அதன் குறுக்களவைக் காலிப்பரில் பிடித்து, வீட்டில் வைத்து நீள மாடல் ஒன்றைக் கடைந்தேன். தோட்டா முடிய வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டேன். எந்த ஸ்கேலை வைத்துப் போட்டேன் என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். என் கை மாடத்துக்குப் போனது, பித்தளைப் பட்டையை எடுத்தது, இரண்டே முக்கால் பார்த்தது, கோடு போட்டது. என் கை செய்கிற எந்தப் பொருளும் சூளைக்குப் போய்ச் சுருங்கும் என்பது பதினெட்டு வருஷத்துப் பழக்கம். இரும்புக் குழல் எந்தச் சூளைக்கும் போகப்போவதில்லை என்பது கைக்கு எப்படித் தெரியும்?

பாய் மாடலைத் தடவிப் பார்த்து, உங்க கைன்னா எனக்கு அளந்து பாக்கற வேலையே இல்ல என்றார். காலிப்பரைக் கோட்டில் வைத்து அளவு பிடித்து, ரீமர் அதற்கு மேல் போகாதபடி தடை வளையத்தைப் பூட்டிக்கொண்டு, இரண்டு நாள் கையாலேயே சுற்றிச் சுற்றிக் கடைந்தார். கொஞ்சம் கடைவார், துடைப்பார், விரலை விட்டுப் பார்ப்பார். வேலை முடிந்ததும் புதுத் தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. மாடலை நான் திரும்ப வாங்கிவந்து மாடத்தில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு அழகாக வந்திருந்தது.

மணிமுத்தாற்று மணலில் சுட்டுப் பார்த்தோம். முப்பதடி தள்ளி ஒரு பழைய கதவை நிறுத்தியிருந்தோம். சத்தம் மொத்தையாக இருந்தது. புகை விலகியதும் போய்ப் பார்த்தால், கதவு பூராவும் ரவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறித்துக் கிடந்தது. நாலு தடவை சுட்டோம், நாலும் அப்படித்தான். இதில் சுட்டால் பன்றி சாகாது, கோபித்துக்கொண்டுதான் போகும் என்றார் கொளஞ்சியப்பன். பாய் சிரிக்கவில்லை. நுனி வளைந்த கம்பியைக் குழலுக்குள் விட்டு அறை முடிகிற விளிம்பைத் தேடினார். கம்பியைத் தோட்டாவோடு சேர்த்துப் பிடித்தார். தோட்டாவைத் தாண்டிக் கால் அங்குலம் கம்பி நீண்டிருந்தது. தோட்டாவுக்கு முன்னால் அவ்வளவு வெற்றிடம் இருந்தால் மருந்தின் வேகம் அதிலேயே கசிந்துவிடும்.

கால் அங்குலம் நீட்ட வேண்டிய இடத்தில் அரை அங்குலம் நீண்டிருந்தது. பாய் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு மணலில் முன்னால் நடந்தார். காலிப்பரைத் தவறாகப் பிடித்துவிட்டோம், கண் நம்மைக் கைவிட்டுவிட்டது என்று அந்த மணலிலேயே அவர் முடிவு கட்டிவிட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் மாடலைச் சந்தேகப்படலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? பாவம், பாய்க்குக் கண் போய்விட்டது என்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அடுத்த வாரம் பாய் கடையைத் திறக்கவில்லை. போய்ப் பார்த்தேன். லைசென்சைத் திருப்பிக் கொடுக்கக் கடிதம் எழுதிவிட்டதாகவும், திங்கட்கிழமை கடலூருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வரப்போவதாகவும் சொன்னார். சேத்தியாத்தோப்பில் மச்சான் துணிக்கடை இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துகொள்வாராம். துப்பாக்கி விளையாட்டில்லை, இன்றைக்குக் கால் அங்குலம் போனது, நாளைக்கு ஒருத்தன் கை போகும் என்றார். நான் ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ராஜாம்பாள் ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அவள் தெருவுக்கு ரவிக்கை தைப்பவள். இஞ்சு டேப்பை யாரோ வாங்கிப் போய்விட்டதால், பக்கத்து வீட்டுத் திரௌபதியின் ரவிக்கைத் துணியை என் பித்தளைப் பட்டையால் அளந்து வெட்டியிருக்கிறாள். முப்பத்தாறு சுற்றளவு. தைத்துக் கொடுத்ததைத் திரௌபதி போட்டுப் பார்த்துவிட்டு, இதற்குள் நான் ஒருத்தி, என் தங்கச்சி ஒருத்தி இருக்கலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ராஜாம்பாள் அழவில்லை, தன்னை நொந்துகொள்ளவும் இல்லை. டேப்பைத் திரும்ப வாங்கிவந்து என் பட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"முப்பத்தாறு முப்பத்தொம்பதா ஆயிருக்குது. இதான் உங்க அளவா?" என்றாள்.

செராமிக் ஸ்கேல் அப்படித்தான் இருக்கும், யார் உன்னை அதைத் தொடச் சொன்னது என்று கத்த வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது. மாடத்தில் மாடல் இருந்தது. டேப்பை வாங்கி அதில் வைத்தேன். கோடு மூன்று அங்குலத்தில் இருந்தது, ஒரு நூல்கூடக் குறையவில்லை.

உடனே எழுந்து பாய் வீட்டுக்கு ஓடியிருந்தால் நான் மனிதன். ஓடவில்லை. வெள்ளி போனது, சனி போனது. கடைவீதியில் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த சூப்பர்வைசர் காதுக்கு எட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எப்படியிருந்தாலும் பாய்க்குக் கண் மங்கல்தானே, இன்றில்லாவிட்டால் நாளைக்கு விடப்போகிற தொழில்தானே என்றுகூட எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் பெண்டாட்டி ஜைத்தூன் பீவி, ராஜாம்பாளிடம் வந்து உட்கார்ந்து அழுதார். நான் உள்ளறையில் இருந்தேன்.

"வூட்டுக்குள்ள கண்ண மூடிக்கிட்டு நடந்து பழவுறாரு அக்கா. கட்டில்லேருந்து கதவுக்கு எத்தினி அடி, கதவுலேருந்து கொல்லைக்கு எத்தினி அடின்னு எண்ணிக்கிட்டே நடக்குறாரு. கேட்டா, பின்னால வசதியா இருக்கும்னு சொல்றாரு" என்றார்.

ராஜாம்பாள் அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். மாடலை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் நான் போவதற்குள் பாய் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை, அதற்குள் லைசென்சு. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாடல் தப்பு, பட்டை சூளைக் கணக்குப் பட்டை, உங்கள் கை தப்பவில்லை, பிசகு முழுக்க என்னுடையது என்றேன். பாய் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

"என் மனசுக்காவ சொல்றீங்க. ஒங்க அளவாவது தப்பறதாவது" என்றார்.

பதினெட்டு வருஷம் நான் ஊரெல்லாம் அடித்த தம்பட்டம் எனக்கே குறுக்கே வந்து நின்றது. நான் தப்புச் செய்தேன் என்று நானே சொல்லியும் நம்புவதற்கு ஆள் இல்லை. கண்டக்டர் விசில் அடித்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் மடியிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். லைசென்சு இல்லாமல் கடலூரில் என்ன செய்வார்? திட்டிக்கொண்டே இறங்கி என் பின்னால் வந்தார்.

கடையைத் திறக்க வைத்தேன். கொளஞ்சியப்பனின் குழலை மேஜையில் கிடத்தி, பித்தளைப் பட்டையை அவர் கையில் கொடுத்தேன். அறையை அளந்து இதில் வைத்துப் பாருங்கள் என்றேன். பாய் கம்பியை உள்ளே விட்டு விளிம்பில் மாட்டினார். குழலின் பின்பக்க விளிம்போடு கட்டை விரல் நகத்தை வைத்துக் கம்பியைப் பிடித்து, அப்படியே பட்டையின் மேல் படுக்க வைத்தார். நகம் ஒரு கோட்டுக்குள் போய் விழுந்தது.

எந்தக் கோடு என்று சொல்ல நான் குனிந்தேன். என்னைக் கையால் தள்ளினார். நான் படித்துச் சொன்னால் அவர் நம்பப்போவதில்லை. பட்டையின் முனையிலிருந்து ஆள்காட்டி விரல் நகத்தால் கோடு கோடாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஒன்று, இரண்டு, அதற்கு மேல் கால், அரை, முக்கால். அந்த இடத்தில் அவருடைய கட்டை விரல் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். மூன்றாம் தடவையும் எண்ணினார்.

"சரியா ரெண்டே முக்கா" என்றார். "தலமயிரு அளவு தப்பல."

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. நான் போட்ட தப்பான கோட்டை அவர் கை அவ்வளவு சரியாகப் பிடித்திருந்தது. அப்புறம் அவர் கேட்டார்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

வெள்ளிக்கிழமை என்றேன். பாய் விரல் மடக்கவில்லை, ஆனால் மனசுக்குள் எண்ணினார் என்று தெரிந்தது. என்னை ஏசியிருந்தால் தேவலை. ஏசவில்லை. கொளஞ்சியப்பன் வரும்போது அவர்கிட்டயும் இதச் சொல்லுங்க என்று மட்டும் சொன்னார்.

சொன்னேன். அன்று சாயங்காலமே ஜைத்தூன் பீவியிடம் சொன்னேன், மறுநாள் கொளஞ்சியப்பனிடம் சொன்னேன், டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஊர் எனக்குப் 'பதிமூணு' என்று பெயர் வைத்தது. சூப்பர்வைசர் ஒரு வாரம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொளஞ்சியப்பனுக்கு மட்டும் கோபமே வரவில்லை. சென்னைக்கு எழுதி மூன்று அங்குலத் தோட்டா வரவழைக்கலாம், அது இந்த அறைக்குச் சரியாக இருக்கும் என்று பாய் சொன்னதும், இன்னும் நீளமா என்று அவர் வாயெல்லாம் பல்லானது. மருந்து பழைய அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை ஏறக்கூடாது, மிச்ச இடத்துக்குத் தக்கை வைத்துத்தான் அடைக்க வேண்டும் என்று பாய் அவரிடம் மூன்று தடவை சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தத் தோட்டா வந்து, மறுபடி ஆற்று மணலில் சுட்டபோது, ரவை கதவின் நடுவில் ஒரு முறம் அகலத்துக்குள் விழுந்தது.

இவ்வளவு ஆன பிறகுதான் பாய்க்குக் கண் டாக்டரைப் பார்க்கத் தைரியம் வந்தது. கடலூருக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அதே பஸ், அதே ஜன்னலோரம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது வெள்ளெழுத்து, நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருவது, அத்தாவுக்கு வந்த வியாதி இது இல்லை என்றார். பாய் அவரை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

பத்து நாளில் கண்ணாடி வந்தது. கடையில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று தெரிந்து பித்தளைப் பட்டையைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"ஏழாவது கோடு கொஞ்சம் கோணலா இருக்குதே" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் அந்தப் பட்டையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாங்கிப் பார்த்தேன். கோணல்தான். ஆமாம் பாய் என்றேன்.